மில் முனையில் டீ இரண்டரை பவுண்டு

நெவில் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்பது கிரிம்வெல் ஊருக்கே தெரியும். வெளியூரில் கால்பந்து ஆட்டம் என்றால் மைதானத்துக்குள் நுழைந்ததும் அவன் கண் போவது புல்தரைக்கு அல்ல, டீக்கடை விலைப்பலகைக்கு. "ரெண்டு பவுண்டா? டீயில என்னய்யா, தங்கத்தை உரசிப் போடுறீங்களா?" என்று ஆரம்பித்தால், பஸ் ஊர் திரும்பும்வரை அதே பேச்சுதான். எந்த மைதானத்தில் பீர் விலை ஏறியது, எங்கே சூப்பில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கோல் யார் போட்டது என்று கேட்டால்தான் யோசிப்பான்.

அப்பேர்ப்பட்டவன் சொந்த ஊர் மைதானத்தின் மில் முனைக் கடையில் இரண்டரை பவுண்டு கொடுத்து டீ வாங்கிக் குடிக்கிறான் என்று மால்கம் வந்து சொன்னான். நெவிலின் மனைவி லோர்னா முதலில் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. மைதானத்தின் எதிர்ப்பக்கம், ரயில் முனையில் டீக்கடை நடத்துபவளே அவள்தான். கிளப்புக்காகச் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. டீ ஒன்றேகால் பவுண்டு. அந்த லீக்கிலேயே அதைவிட மலிவான டீ கிடையாது. நெவிலுக்கு அதுவும் இல்லை, அவனுக்கு எப்போதுமே ஓசி.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் லோர்னா. மீதிச் சில்லறையக்கூட எண்ணிப் பாக்கல. அப்படியே பைல போட்டுக்கிட்டான்" என்றான் மால்கம். ஊர்வம்பு பேசாவிட்டால் அவனுக்குத் தொண்டையில் டீ இறங்காது.

"குளிரா இருந்திருக்கும். குடிச்சிருப்பான்" என்றாள் லோர்னா, கெட்டிலை நசுக்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டு.

மில் முனைக் கடை இந்த சீசனில்தான் வந்தது. நடத்துபவள் கெய்னர். விவாகரத்தானவள், சிவப்பு நகம், எதற்கெடுத்தாலும் வாயெல்லாம் பல். நுரை பொங்கும் காபி மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற ஆம்பளையையெல்லாம் "என்ன வேணும், கண்ணு?" என்கிறாள். அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். லோர்னாவே ஒரு ஆட்டத்துக்கு முந்நூறு தடவை சொல்வாள். ஆனாலும் கெய்னர் சொன்னால் அது வேறு.

கெய்னர் அவனுக்கு ஓசியில் கொடுத்திருந்தால்கூட லோர்னாவுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. குழைகிறாள், நாலு நாளில் அலுத்துப்போகும் என்று விட்டிருப்பாள். ஆனால் நெவில் காசு கொடுத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் கட்டிய மனைவிக்கு ஒரு பூங்கொத்து வாங்கவே விலையைக் கேட்டுவிட்டு மூன்று கடை ஏறி இறங்கியவன், இரண்டரை பவுண்டை எடுத்து நீட்டியிருக்கிறான் என்றால் அது சாதாரண விஷயமா? அதுவும் எந்த நிலைமையில்? அவன் வேலை பார்த்த கம்பளிக் கிடங்கை இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள். நாலு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். அவன் பையில் இருக்கிற ஒவ்வொரு காசும் அவளுக்குத் தெரியும்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கடையின் பக்கக் கதவுக்கு வந்து நிற்பான். "வந்துட்டாருய்யா நம்ம ஓசி!" என்று அவள் உரக்கச் சொல்ல, வரிசையே சிரிக்கும். அவனும் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் கதவுப் பக்கமே வரவில்லை. கேட்டால் "இப்பத்தான் வீட்ல குடிச்சேன்" என்பான். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. விலைவாசியைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டான். வேறொரு பெண் மேல் மனசு போனவன் வேறு எப்படி இருப்பான்?

இருந்தாலும் சந்தேகத்தின் பலனை அவனுக்கே விட்டுவைத்தாள். நம் ஆட்கள் எந்தக் கோலை நோக்கி ஆடுகிறார்களோ அந்தக் கோலுக்குப் பின்னால்தான் ஊர்க்கூட்டம் நிற்கும். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் கிளம்பி எதிர் முனைக்கு நடக்கும். கிரிம்வெல் மைதானம் ரயில் முனையிலிருந்து மில் முனைக்கு நல்ல சரிவு. டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் மேட்டை நோக்கி ஆடிவிட்டு, கால் ஓய்ந்த இரண்டாம் பாதியில் சரிவில் இறங்கி அடிப்பது வழக்கம். ஆகவே இடைவேளைக் கூட்டம் பெரும்பாலும் மில் முனைக்கே போகும். கூட்டத்தோடு போனான், குளிருக்குக் குடித்தான், அவ்வளவுதான் என்றும் இருக்கலாம் அல்லவா?

கூட்டம் தன் பக்கம் திரும்பினால் அவனும் கூடவே வருகிறானா என்று சோதித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது போலிருந்தது. கேப்டன் பிராட்லியைப் பிடித்தாள். வார நாட்களில் அவன் குழாய் ரிப்பேர்க்காரன், அவளுடைய பாய்லரையும் அவன்தான் பார்ப்பான்.

"சனிக்கிழமை டாஸ் ஜெயிச்சா முதல் பாதில மில் பக்கம் அடிங்கடா. ரெண்டாம் பாதி என் பக்கம் வரட்டும்."

"விளையாடுறியா லோர்னா? ஹாக்லி டீம் வருது. ரெண்டாம் பாதில மேட்டுல ஓடினா நாக்கு தள்ளிடும்."

"இடைவேளை வியாபாரம் சுத்தமா படுத்துப்போச்சுடா. ஒரே ஒரு ஆட்டம்."

"கோச் என் தோலை உரிச்சிடுவார்."

"பிராக்டிஸ் முடிஞ்சு என் கையால பன்னும் பன்றிக்கறியும் தின்னியே, அப்ப கோச்சா வந்து சுட்டுக் குடுத்தார்?"

பிராட்லி தலையைச் சொறிந்தான். வியாபாரம் என்று பொய் சொன்னது லோர்னாவுக்கு உறுத்தத்தான் செய்தது, ஆனால் உறுத்தலைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை ஆலங்கட்டியும் மழையுமாக அடித்தது. பிராட்லி டாஸ் ஜெயித்து மில் முனையைக் கைகாட்டியதும் ஹாக்லி கேப்டனே ஒரு கணம் திகைத்துப்போனான். கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஊர்க்கூட்டம் முனகிக்கொண்டே மில் முனைக்கு நடந்தது, நெவிலும் அதோடு போனான். லோர்னா பாய்லரை நிரப்பிவிட்டு இடைவேளைக்காகக் காத்திருந்தாள். முதல் பாதி முடியும்போது ஆளுக்கொரு கோல்.

விசில் ஊதியதும் கூட்டம் அவள் பக்கம் திரண்டு வந்தது. குழந்தை குட்டிகள் வந்தன, நாய்கூட இரண்டு வந்தது. மால்கம் முதல் ஆளாக வந்து நின்றான். நெவில் வரவில்லை.

வரிசைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மழைத்திரைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத மில் முனையில், பச்சைக் கோட்டு ஒன்று மட்டும் கெய்னர் கடையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நெவிலுக்கு லோர்னாவே தேடி வாங்கிக் கொடுத்த கோட்டு.

"மால்கம், உள்ள வந்து பைப்பைத் திருகி ஊத்து. எல்லாரும் காசை டப்பாவுல போடுங்க."

"லோர்னா! எனக்கு ஊத்தத் தெரியாது!"

"நாற்பது வருஷமா குடிக்கிற. கத்துக்கோ."

ஏப்ரனோடு மழையில் இறங்கி, கம்பி வேலியைப் பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்து அந்தச் சிவப்பு நகத்துக்காரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும், முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் என்ன முட்டாளா என்று அவனையும் கேட்டுவிட வேண்டும். கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனவள், கடையின் பக்கச்சுவரை நெருங்கியபோது கெய்னரின் குரல் கேட்டு நின்றாள்.

"அட, நீ ஒருத்தனாவது வந்தியே கண்ணு! இன்னிக்கு ஈ ஓட்டுறேன். வெச்சுக்கோ, காசெல்லாம் வேணாம்."

லோர்னா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஓசி ஆரம்பித்துவிட்டது.

"காசை எடுத்துக்கோ" என்றது நெவிலின் குரல்.

"ஒரு டீதானே? சும்மா குடி."

"எடுத்துக்கோன்றேன்ல?"

"இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிற? நான் என்ன தப்பா..."

"ஓசில குடிக்கணும்னா எனக்குப் பொண்டாட்டி கடையே இருக்கு. ஊரே கூடி நின்னு சிரிக்கும், நானும் பல்லைக் காட்டிட்டுக் குடிக்கலாம். வேலை போனதுக்கப்புறம் அது தொண்டைல இறங்கல. காசு குடுத்து ஒரு வாய் குடிக்கத்தான் இவ்ளோ தூரம் வர்றேன். நீயும் ஓசின்னா எப்படி?"

நாணயங்கள் பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. பச்சைக் கோட்டு டீயைத் தொடாமல் திரும்பி நடந்தது. கெய்னர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அந்த வாயைப் பார்த்ததில் லோர்னாவுக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் அது இரண்டு அடி நடப்பதற்குள் கரைந்துவிட்டது. வந்துட்டாருய்யா நம்ம ஓசி. எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்! கிடங்கு மூடிய பிறகும் கத்தினாள். அவன் கை தூக்குவது நின்றுபோனதை அவள் பார்க்கவே இல்லை. சுவரோரமாக, அவன் கண்ணில் படாமல், வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினாள்.

கடையில் மால்கம் கையைச் சுட்டுக்கொண்டு எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான். அவனை வெளியே தள்ளிவிட்டு பைப்பைப் பிடித்தாள். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரம் கழித்து நெவில் வந்தான். கடைப்பக்கம் வராமல், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேலியோரம் தனியாக நின்றான்.

மால்கம் கண்ணில் அது படாமல் இருக்குமா? "டேய் ஓசி! அங்க ஏன் நனையுற? பக்கக் கதவு திறந்துதான் இருக்கு!"

"யாரைடா ஓசின்ற?" லோர்னா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "நீ ஊத்தின டீக்கே இன்னும் காசு போடல. மூடு வாயை." பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். "நெவில், டீ வேணும்னா வரிசைல வந்து நில்லு."

அவன் ஏதோ புதுமொழி கேட்டவன் மாதிரி பார்த்தான். பிறகு வந்து நின்றான். முறை வந்ததும் டீயை வார்த்து முன்னால் வைத்தாள்.

"ரெண்டரை பவுண்டு."

"பலகைல ஒண்ணேகால்னு போட்டிருக்கு."

"அது மத்தவங்களுக்கு. மில் முனைல குடிக்கிறவங்களுக்கு ரெண்டரை."

நெவில் அவள் ஈர ஏப்ரனைப் பார்த்தான், தலைமயிரில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தான். கோட்டுப் பையில் ஒரு பவுண்டும் கால்சட்டைப் பையில் ஒன்றரையுமாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே மில் முனையில் ஹாக்லிக்காரர்கள் சரிவில் இறங்கி வந்து இரண்டாவது கோலைப் போட்டார்கள். பிராட்லி இடுப்பில் கை வைத்து நேராக டீக்கடையை முறைத்தான். லோர்னா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் கணவன் கையிலிருந்த காசை வாங்கி, எல்லாருடைய காசும் கிடக்கிற டப்பாவில் போட்டாள்.

நெவில் ஒரு வாய் குடித்தான்.

"பகல் கொள்ளை" என்றான், வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி. "இந்த லீக்ல எங்கயும் இந்த அநியாயம் கிடையாது. ரெண்டரை பவுண்டு வாங்கிட்டு சர்க்கரைகூடப் போடல!"

டாக்டர் சொன்னார் என்று அவன் டீயிலிருந்து சர்க்கரையை நிறுத்தியவளே அவள்தான்.

"அந்த மில் முனைக்காரி எத்தனை ஸ்பூன் போடுவா?" என்று கேட்டாள் லோர்னா.

"ரெண்டு."

லோர்னா மூன்று போட்டாள்.