சனிக்கிழமைப் பாடு

இப்போதெல்லாம் யாரும் நின்று முகம் பார்த்துப் பேசுவதில்லை. போகிற போக்கில் ஒரு கும்பிடு, கையில் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவனுக்கும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். பழவேற்காடு படகுத்துறையில் இறங்கிய திருவேங்கடத்துக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறால் பெட்டியைத் தூக்கினார்.

அவர் ஊரான பசியாவரத்தில் மீனவர்களுக்குப் பதினாலு பங்கு. ஏரியில் இறால் வருகிற இடத்தில் வலை கட்ட, சீட்டுப் போட்டு, பங்குக்கு ஒரு நாள் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். இந்த வருஷம் திருவேங்கடத்தின் பாடு விடிவது சனிக்கிழமை. பதினாலு நாளைக்கு ஒரு தரம், எப்போதும் சனிக்கிழமை. அன்றைக்கு விற்றால்தான் அடுத்த பாடு வரை அரிசியும், பெண்சாதி லோகநாயகிக்குச் சர்க்கரை ஊசியும்.

ஏலக்கூடம் பூட்டிக் கிடந்தது. வாசலில் கட்சிக் கொடி, பெருமாள் படம், மைக்கில் பஜனை. இறால் வாங்கும் கலந்தர் தராசைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், தராசுக்குக் குளிரா?"

"புரட்டாசி சனிக்கிழமை. ஏலம் இல்லன்றாங்க. கட்சியும் வியாபாரி சங்கமும் சேந்து முடிவு பண்ணிட்டாங்களாம்."

"நீ எடுத்துக்கோ, எப்பவும் போல."

கலந்தர் கொடியைப் பார்த்தார். "மத்தவன் எடுத்தா ஒரு பேச்சு, நான் எடுத்தா வேற பேச்சு. நாளைக்கு நான் கடை தெறக்கணும், திருவேங்கடம்."

ஐஸ் பாக்டரி ஜெகதீஸ்வரன் பஜனைக் கூட்டத்திலிருந்து வந்தார். கட்சியின் வணிகர் அணித் தலைவர். நெற்றியில் புது நாமம், கையில் தொன்னையில் பொங்கல்.

"பெருமாள் பேரை வச்சிக்கினு இறாலோட வந்து நிக்கிறியே, பெரியவரே."

"எங்க அம்மனுக்கு ஆடியில கருவாட்டுக் கொழம்புதான் படையல். அவ இன்னா கோச்சிக்கினாளா?"

பக்கத்தில் ஒருவன் சிரித்துவிட்டு, சட்டென்று பஜனைக்குக் கை தட்டினான்.

"எங்கிட்ட ஏன் பாயிற? உங்க ஜனம் கேட்டதுதான். நோட்டீஸைப் பாரு."

திருவேங்கடம் அதை எடுத்துக் கலந்தரிடம் நீட்டினார். கலந்தர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பசியாவரம் மீனவ மக்களின் வேண்டுகோளை ஏற்று, இனி வருஷம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஏலம் கிடையாது.

"கீழ பேருங்க போட்டுகீது. உன் பேரும் கீது."

"நான் எப்பக் கேட்டேன்?"

"ஆடியில கோயிலுக்குத் தகரக் கூரை வேணும்னு கைநாட்டு வச்சியே," என்றார் ஜெகதீஸ்வரன். "அதே தாளு. ரெண்டாம் பக்கம். படிச்சிட்டு வச்சிருக்கணும்."

"படிச்சிருந்தா உன் முன்னாடி ஏன் நிக்கிறேன்."

பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. ஜெகதீஸ்வரன் அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பின்னாடி நம்ம ஷெட்டுல போட்டுட்டுப் போ. அது கம்பெனி, ஏலம் இல்ல. பாதி வெலதான்."

"சனிக்கிழமை வாங்குனா உனக்குப் பாவம் இல்லியா?"

"வெளியூருக்குப் போற சரக்கு. நானா துன்றேன்?"

திருவேங்கடம் பெட்டியின் மூலையைக் கையால் பொத்தினார். தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

ஷெட்டில் ஏழெட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்து இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாள் போலத்தான் வேலை நடந்தது. எடை போட்டு, பாதி விலையைக் கொடுத்தார்கள். வெளியே வந்தவரிடம் ஜெகதீஸ்வரன் தொன்னையை நீட்டினார்.

"வாங்கிக்க. பிரசாதம் வேணாம்னு சொல்லாத."

"வீட்ல சர்க்கர," என்றார் திருவேங்கடம்.

"இது வெண்பொங்கல்தான்."

"இருக்கட்டும்."

காலிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு துறைக்கு நடந்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. ஷெட்டிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தது. முகப்புக் கண்ணாடியில் மாலை போட்ட பெருமாள் படம், பக்கத்தில் கட்சிக் கொடி. பஜனைக் கூட்டம் விலகி வழிவிட்டது. படத்தைப் பார்த்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திருவேங்கடம் ஓரமாக ஒதுங்கினார். லாரி போகிற வழியெல்லாம் இறால் தண்ணீர் கோடாக ஒழுகியிருந்தது. அதைத் தாண்டிப் படகைப் பார்த்து நடந்தார்.