ஓர் அடி தள்ளி

அத்தா முழங்கையை வாளிக்குள் விட்டுப் பார்த்தார். சூடு கொஞ்சம் அதிகம். அரைச் செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடியும் விட்டார். பதினோரு மாதமாக அப்படித்தான் பதம் பார்த்துவந்தார். உள்ளங்கை ஏமாற்றிவிடும், முழங்கை ஏமாற்றாது என்பார். இன்றைக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று மகளுக்குத் தோன்றியது. மூன்றாவது வாளியை அவரருகே நகர்த்தி வைத்தாள்.

அம்மா காலை ஆறு இருபதுக்கு இறந்திருந்தாள். மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அம்மாவின் மாத்திரை நேரங்களைக் கட்டம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஆறு மணிக் கட்டத்தில் பழக்கதோஷத்தில் ‘6.20’ என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான், அது அங்கே எழுத வேண்டியதா என்ற சந்தேகம் வந்தது. தாளைக் கிழிக்கலாமா என்று யோசித்து அப்படியே விட்டுவிட்டாள்.

தெருவில் இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் அக்கா ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இடையில் ஒரே ஒரு விஷயம்தான் முடிவாகாமல் இருந்தது. அதைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

அத்தா ஹனஃபி. அம்மா ஷாஃபி குடும்பத்திலிருந்து வந்தவள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் இருவரும் தத்தம் இமாம் வகுத்த வழியை, மத்ஹபை, மாற்றிக்கொள்ளவில்லை. தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவிச் செய்த ஒளு, மனைவியின் கை பட்டால் அத்தாவின் மத்ஹபில் முறியாது. அம்மாவின் மத்ஹபில் முறியும். அதனால் ஒளு செய்துவிட்டு வரும் அம்மாவிடம் அத்தா எதையும் கையில் கொடுக்க மாட்டார். துப்பட்டியோ தண்ணீரோ, முக்காலியில் வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சில நாள் வேண்டுமென்றே ஒரு விரலை நீட்டி அவள் தோள் பக்கம் கொண்டுபோவார். “உங்க வெளையாட்டெல்லாம் தொழுதுட்டு வந்தப்புறம் வச்சுக்குங்க. எனக்கு ஒளு இருக்கு” என்பாள் அம்மா.

பக்கவாதம் வந்த பிறகும் அதே ஒழுங்குதான். குளிப்பாட்டுவது அத்தா. அவர் வெளியே போனதும் ஒளு செய்துவைப்பது மகள்.

மகனுக்கு மத்ஹபே கிடையாது. குர்ஆன் இருக்கிறது, ஹதீஸ் இருக்கிறது, நடுவில் எதற்கு ஒரு இமாம் என்பது அவன் கட்சி. ஆறு வருடமாகத் தெருப் பள்ளிவாசலுக்குப் போகாமல் இரண்டு மைல் தள்ளிப் போய்த் தொழுதான். தொழுகை இருப்பில் ஆட்காட்டி விரலை அசைத்துக்கொண்டே இருப்பான். அத்தா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, “விரலாட்டி சாப்பிட்டானா?” என்று அம்மாவிடம் கேட்பார். “வீட்டுல கட்சி மூணு. பாத்திரம் கழுவ மட்டும் நான் ஒருத்திதான்” என்பாள் அம்மா. வாக்குவாதம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மகன் வெளியே போயிருந்தான். எட்டே முக்காலுக்குத் திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றாமலே பின்வாசலில் நின்றான்.

“அத்தா, நீங்களே குளிப்பாட்டலாம். தடை ஒண்ணும் இல்ல.”

அத்தா வாளியிலிருந்து நிமிரவில்லை. நம் மத்ஹப் கிதாபில் கூடாது என்றார். மனைவி மவுத்தானதும் நிக்காஹ் முடிந்துவிடுகிறது, புருஷன் முகம் பார்க்கலாம், தொடக் கூடாது. மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

கூடும் என்பதற்கு ஹதீஸ்கள் இருப்பதாக மகன் சொன்னான். செல்போனில் எடுத்துவைத்திருந்தான். கிதாபு எழுதியவரும் மனிதர்தானே என்றான்.

“அவரு மனுஷன். சரி. நீ?”

இது பழைய சண்டை. அடுத்த வரி என்ன, அதற்கடுத்த வரி என்ன என்று மகளுக்குத் தெரியும். ஆனால் மகன் அந்த அடுத்த வரியைச் சொல்லவில்லை.

“ஹஜ்ரத்கிட்டயும் கேட்டுட்டேன். அம்மா ஷாஃபிதானே, அவங்க மத்ஹப்ல கூடும், கையில துணி சுத்திக்கிட்டு செய்யலாம், நீங்க அதை எடுத்துக்க இடம் இருக்குன்னு சொன்னாரு.”

அத்தா இப்போதுதான் நிமிர்ந்தார். “யாரு கேட்டா?”

“நான்தான்.”

“நம்ம பள்ளிவாசல்லயா?”

“ஆமா.”

அத்தா ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

“இந்த ஹதீஸெல்லாம் எனக்காகத் தேடுனியா, இல்ல என்னை ஜெயிக்கத் தேடுனியா?”

மகன் கொஞ்சம் யோசித்தான். “ஜெயிக்கத்தான். அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி. ஹஜ்ரத்கிட்ட போனது இன்னிக்கு.”

அத்தா தராசு பழுதுபார்ப்பவர். கடையில் பித்தளை எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் குழிகுழியாக இறங்கி உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்; கை அழுக்குப் பட்டால் எடை கூடிவிடும். மகன் முதன்முதலில் மத்ஹபு வேண்டாம் என்றபோது அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டுதான் அவனோடு பேசினார். இப்போது பெட்டி இல்லை. ஆனால் அதே பேச்சுதான்.

“ஒரே கல்லை வச்சு எடை போடணும்னு உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எனக்கு வேண்டிய சரக்கு தட்டுல வந்ததும் நானே கல்லை மாத்தினேன்னா, இதுவரைக்கும் போட்ட எடையெல்லாம் என்ன?”

“வேற கல்லு இல்லத்தா. அதுவும் முத்திரை வச்ச கல்லுதான்.”

“இருக்கலாம். எங்கையில இருக்கறது இது.”

மகளுக்கு ஒரு விஷயம் நெஞ்சில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன், முடி வாரிவிடும்போது அம்மா குழறிக் குழறிச் சொன்னது. கடைசிக் குளிப்பும் அவரே ஊற்றட்டும், வேறு யார் கையும் வேண்டாம், எங்கள் மத்ஹபில் கூடும். இதை இப்போது சொன்னால் அத்தாவுக்கு உதவியா, பாரமா என்று அவளால் கணிக்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் அது அம்மாவுக்குச் செய்யும் துரோகமா என்பதும் தெரியவில்லை. வாசலில் குளிப்பாட்டும் அக்காவின் ஸலாம் கேட்டது. மகள் சொல்லிவிட்டாள்.

அத்தா தலையசைத்தார். “எங்கிட்டயும் சொன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.”



“அப்ப?” என்றான் மகன்.

“உசுரோட இருக்கறவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் பேசிக்கிறேன்.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “வாளியை உள்ள வை. ஆறிடும்.”

மகன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் வாளியைத் தூக்கினான்.

பின்னறையில் பலகை போட்டுத் திரை கட்டியிருந்தது. குளிப்பாட்டும் அக்கா அதிகம் பேசாதவர். கையுறை மாட்டிக்கொண்டு, எங்கே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். மகள் ஊற்றினாள். வாளி தீரத் தீர மகன் திரைக்கடியில் அடுத்த வாளியை நகர்த்தினான். அவன் கை மட்டும் உள்ளே வந்து போயிற்று. சுத்தம் செய்து முடித்து, ஒளு செய்துவைக்கும் இடத்தில் வேலை நின்றது.

அம்மாவின் வலக்கை மூடியிருந்தது. பக்கவாதத்தில் மடங்கிய கை. தினமும் அத்தா அதைத் திறந்து கழுவி, திரும்ப மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு துணியைச் சுருட்டி உள்ளே வைப்பார். மகள் அந்தத் துணியை உருவிவிட்டு ஒளுத் தண்ணீர் ஊற்றுவாள். மூடிய கையை அவள் திறந்ததே இல்லை. விடியற்காலையில் துணி எங்கோ நழுவியிருந்தது. இப்போது விரல்கள் இறுகிவிட்டன. உள்ளங்கையில் தண்ணீர் படாமல் விட முடியாது என்றார் அக்கா. மெல்ல இழுத்துப் பார்த்தார். இன்னும் இழுத்தால் ஒடிந்துவிடுமோ என்று மகள் பயந்தாள்.

“கை திறக்க மாட்டேங்குதா?” என்று திரைக்கு வெளியிலிருந்து அத்தா கேட்டார்.

“ஆமா.”

“விரலைப் புடிச்சு இழுக்காதே. மணிக்கட்டை உள்பக்கமா மடக்கு.”

மடக்கினாள்.

“இன்னும். கையை முழங்கைப் பக்கம் கொண்டு வர்ற மாதிரி.” மகள் இன்னும் மடக்கினாள். “இப்ப கட்டைவிரல். நுனியைப் புடிக்காதே, அடியில புடி. மெதுவா வெளிய கொண்டா. அது வந்துட்டா மத்தது தன்னால வரும்.”

கட்டைவிரல் வந்தது. அதன்பின் மற்ற விரல்கள், சுண்டுவிரல் கடைசியாக. உள்ளங்கையில் நான்கு நகங்களின் தடம் பிறை பிறையாகப் பதிந்திருந்தது. மகள் தண்ணீர் ஊற்றினாள்.

“விரலிடுக்குல ஊத்து” என்றார் அத்தா.

“ஊத்திட்டேன்.”

“சரி.”

திரை ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. அதன் வழியே அத்தாவின் இடுப்பு மட்டம் மட்டும் தெரிந்தது. அவருடைய வலது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டு அடுத்த செம்பை எடுத்தாள்.

கஃபன் துணி சுற்றி முடித்ததும் அக்கா முகத்தை மட்டும் திறந்துவைத்து, வீட்டு ஆம்பளைகள் பார்க்கலாம் என்றார். மகன் முதலில் வந்து நின்றுவிட்டு, சுவரோரம் ஒதுங்கினான். அத்தர் பூசவில்லையே என்று அக்கா கேட்டார். அது அத்தாவிடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

மகள் கையை நீட்டினாள்.

அத்தா அவள் கையைக் கவனிக்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் கிடந்த முக்காலியில் சீசாவை வைத்தார். பிறகு ஓர் அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.