மான்கள் பார்க்க வந்த துப்பாக்கி

ரைனோ கார்ப்பி விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கிய ஆண்டு, டாமரக் ஓடைப் பக்கத்து மான்கள் அதைப் பார்ப்பதற்கு வரிசையில் வந்து நின்றன. அன்று நவம்பர் பதினைந்து, வேட்டைக்காலத்தின் முதல் நாள். வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வழக்கம்போல் மேல் மிச்சிகன் பக்கத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் முதுகுவலி, மர ஆலையில் ஆளில்லை. பனியும் வழக்கம்போலத்தான் பெய்தது. வரிசை ஒன்றுதான் புதிது.

அந்த ஊரில் பெண் பார்ப்பதைக் கூட ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவார்கள். துப்பாக்கி பார்ப்பதற்கு ஒரு கோடைக்காலம் வேண்டும். ரைனோவின் மனைவி எல்மாவிடம் இரும்புக்கடையில் வாங்கிய மலிவுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் கட்டை, நனைந்தால் பாவாடையில் ஒரு துடை, அவ்வளவுதான் அதற்கு மரியாதை. வருடா வருடம் மானைக் கொண்டுவந்தது அதுதான் என்பது ரைனோவுக்குப் பெருத்த அவமானம். சவுனா என்னும் வெந்நீராவி அறையில் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து விலைப்பட்டியல்களைப் புரட்டினான். எல்மாவின் தம்பி வெண்டல், “மலிவா வாங்கினா மலிவாத்தான் சுடும், மச்சான்” என்று தூபம் போட்டான். வெண்டல் வாழ்நாளில் ஒரு மானையும் சுட்டவனில்லை. ஆகவே எல்லாத் துப்பாக்கிகளைப் பற்றியும் அவனிடம் கருத்து இருந்தது. கடைசியில், வால்நட் மரக் கட்டையும், குழல் நெடுகச் செதுக்கிய கொடியும் இலையுமாகத் துப்பாக்கிச் சீமான் ஒருவர் வீடு வந்து சேர்ந்தார். வேட்டைக்கு முன்னால் ஊரார் மணல்பள்ளத்தில் நாலு தோட்டா சுட்டுக் குறியைச் சரிபார்ப்பார்கள். ரைனோ சுடவில்லை, குழல் கறுத்துவிடுமாம்.

“தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியுமா?” என்றாள் எல்மா. “குளிர்பெட்டி காலியாக் கெடக்கு. பனிக்காலத்துக்கு ரெண்டு மான் வந்தாகணும். எதால சுட்டாலும் சரி.” இந்த வருடம் அந்த இரண்டும் தன் பொறுப்பு, அவள் வீட்டிலேயே இருக்கலாம் என்றான் ரைனோ. சுட்ட மானைத் தீயணைப்பு நிலையத்து முன்னாலிருக்கும் குறுக்குக் கம்பத்தில் தொங்கவிடுவது ஊர் வழக்கம். கார்ப்பி குடும்பத்துக் கொக்கி அவன் அப்பன் காலத்திலிருந்து காலியாக இருந்ததில்லை.

முதல் நாள் ரைனோ ஓடைக்கரையில் போய் உட்கார்ந்ததும் மான்கள் ஒவ்வொன்றாக வந்தன. வால்நட் கட்டையை மோந்தன, செதுக்கலை உற்றுப் பார்த்தன, அடுத்ததற்கு வழிவிட்டன. இடையில் புகுந்த ஒன்றைக் கிழட்டுக் கொம்பன் முட்டிப் பின்னால் அனுப்பியது. ரைனோ சுடவில்லை. அத்தனை கிட்டத்தில் சுட்டால் கட்டையில் ரத்தம் தெறிக்கும். போதாக்குறைக்கு மூச்சுப் பட்டுக் குழல் துருப்பிடித்துவிடுமே என்று, ஒவ்வொரு மானும் நகர்ந்ததும் கைக்குட்டையால் துடைத்தான். மறுநாளும் அதே வேலை. “மானுக்கே தரம் தெரியுது பாருங்க” என்று வெண்டல் மதுக்கடையில் பெருமையடித்தான். மற்றவர்கள் கொக்கிகளில் மான்கள் தொங்கின. கார்ப்பி கொக்கியில் பனி தொங்கியது. மாதக் கடைசியில் வீட்டில், இறைச்சியை மாவில் பொதிந்து சுடும் பாஸ்டியில்கூட வெறும் கிழங்குதான். பிள்ளைகள் அதைப் பிய்த்து உள்ளே இறைச்சி தேடியதைப் பார்த்து ரைனோ கூனிக்குறுகிப் போனான்.

வேட்டைக்காலத்தின் கடைசி நாள் எல்மா தன் துப்பாக்கியோடு கூடவே கிளம்பினாள்.

“உன் சீமானை அந்தத் தேவதாரு மரத்துல சாத்திட்டு, இப்படி வந்து உக்காரு.”

“நனைஞ்சிரும், எல்மா.”

“நனையட்டும். புள்ளைங்க வயிறு காஞ்சா பரவாயில்லையா?”

ரைனோ துப்பாக்கியைச் சாத்திவைத்து, பனி நுழையாதபடி தன் தொப்பியைக் குழல் வாயில் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு வந்து, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் அவளருகே உட்கார்ந்தான். தேவதாருவின் முன்னால் மான்கள் வரிசை கட்டின. எல்மா சுட்டாள். முன்னால் நின்ற கொம்பன் விழுந்தது. அடுத்தது, முறை சீக்கிரமே வந்ததில் திருப்தியோடு, ஓரடி முன்னே வந்தது. அவளிடம் இரண்டு மானுக்கு உரிமம் இருந்தது, அதையும் சுட்டாள்.

கம்பத்தடியில், எந்தத் துப்பாக்கி நல்லது என்று ஊர் கேட்டது. “ரெண்டும்தான். அது கூப்பிட்டுச்சு, இது சுட்டுச்சு” என்று சொல்லிவிட்டு எல்மா கத்தியைத் தீட்டப் போனாள். அடுத்த வருடம் முதல் இரும்புக்கடையில் இரண்டையும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். மான்களும் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. ரைனோவின் துப்பாக்கியிலிருந்து இன்றுவரை ஒரு தோட்டா வெளிப்பட்டதில்லை. அதன் குறி மயிரிழை பிசகாது என்கிறான் அவன். யாரும் மறுப்பதில்லை.