கணவாய் திறந்த நாள்

பள்ளிப் பிள்ளைகள் வேனில் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களை அள்ளி வாசற்படியில் வைத்துவிட்டு, அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். உள்ளறையில் அம்மா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் வேன் ஜன்னலில் குனிந்தான்.

“சித்திகிட்ட எல்லை கேட்லயே போட்டு உடைச்சிடாதே. பிரஷர் ஆளு. வீட்டுக்கு வரட்டும், மெதுவா சொல்லிக்கலாம்.”

“என் மூஞ்சியே சொல்லிடுமே.”

“கழுவிட்டுப் போ.”

இருபத்தாறு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் கணவாய் திறக்கிறது. தாத்தா காலத்தில் நாட்டின் எல்லை, மலைக்கு அந்தப்பக்கம் ஆற்றோரம் கிடந்தது. ஒரு சண்டையில் கணவாயின் உச்சிக்கு ஏறியது. அடுத்த சண்டையில் இந்தப்பக்கமாக ஒன்றரை மைல் இறங்கியது. அந்த ஒன்றரை மைலுக்குள் சித்தப்பாவின் டயர் கடை அகப்பட்டுக்கொண்டது. மாடியில் குடியிருந்த சித்தியும்தான். முந்தின நாள் அம்மாவிடம் இஸ்திரிப்பெட்டி இரவல் வாங்கிப் போனவள், அதோடு சரி. பிறகு எப்போதாவது வந்துபோன கடிதங்கள் மட்டும்தான்.

கேட்டருகே எள் போட்டால் எள் விழாத கூட்டம். தடுப்புக் கம்பம் மேலே எழும்பியதும் ஊரே கத்தியது. அவளும் கத்தினாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளை அறியாமல் மறுபடியும் கத்தினாள்.

சித்தியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவைப் போலவே இடது தோளைச் சாய்த்துக்கொண்டு, சுங்க அதிகாரியிடம் பையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இரவல் வாங்கின இஸ்திரிப்பெட்டிங்க. திருப்பிக் குடுக்கப் போறேன்.”

“இத்தனை வருஷம் கழிச்சா?”

“கேட்டைப் பூட்டினது நானா?”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏய், வேன்காரி! நீதானே?” சித்தி ஓடிவந்து எலும்பு நொறுங்க அணைத்துக்கொண்டாள். “அவ வரலையா? முட்டிவலியா?”

“படுத்திருக்காங்க சித்தி.”

“படுத்திருக்கட்டும். நான் வந்து எழுப்பறேன் பாரு.”

வேன் வளைவு வளைவாக இறங்கியது. சித்தி வாய் ஓயவில்லை. சின்ன வயதில் அக்கா தங்கை இருவரும் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போன கதை. பெண் பார்க்க வந்தவர் என்று தெரியாமல் சித்தப்பாவை அம்மா வாசலிலேயே விரட்டிய கதை. வயிறு வலிக்கச் சிரித்தாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

“அவ இன்னும் குறட்டை விடறாளா?”

“இல்ல சித்தி.”

ஊர்க் கூரைகள் தெரிந்ததும் சித்தி வண்டியை ஓரம்கட்டச் சொன்னாள். “இந்தக் கோலத்துலயா அவ முன்னாடி போய் நிப்பேன்?” கைக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள். சித்தி சீப்பை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எப்போ?”

“காலைல. ஆறு மணிக்கு.”

சித்தி வகிட்டைக் கலைத்து மறுபடி நேராக எடுத்தாள். சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பின்னி முடிச்சுப் போட்டதும், “வண்டியை எடு. வேகமாவே போ,” என்றாள்.

பின்னாலிருந்து ஒரு லாரி ஆரவாரமாக ஹாரன் அடித்தபடி அவர்களை முந்தியது. மேலே நின்றிருந்தவர்கள், அந்தப்பக்கத்திலிருந்து வந்தவர்கள், துப்பட்டாக்களையும் தொப்பிகளையும் ஆட்டிக் கூவினார்கள். சித்தி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, லாரி வளைவில் மறையும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.