வண்டி பண்ணிய சத்தியம்

எங்கள் டிரைவர் பொன்னுரங்கம் பெட்ரோல் திருடுகிறார் என்று அப்பா கடையில் வைத்தே சொன்னார். தீபாவளிக்கு முந்தின கூட்டம். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்ரோல் விலை ஏறி, பணக்காரர்களும் நடந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எழுபத்து நான்காம் வருடம் அது. அந்த வருடத்தில் திருடுவதற்கு அதைவிட உயர்ந்த பொருள் இல்லை.

அப்பா வைரவன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்தவர். அவருடைய வாதம் எளிமையானது. வாரம் முழுக்க வந்த பெட்ரோல் இப்போது வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. வண்டி அதே வண்டி, தெரு அதே தெரு. ஆகவே மாறியிருப்பது பொன்னுரங்கம். கிளட்ச் நழுவுகிறது, பிளேட் மாற்றவேண்டும் என்று அவர் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அது மெக்கானிக்கிடம் கமிஷன் வாங்குவதற்கான பேச்சு என்று அப்பா தீர்மானித்திருந்தார். ஆள் ஒன்று, குற்றம் இரண்டு; இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

அப்பா போலீசுக்குப் போகிறவரல்ல. மறுநாள் காலை அவரும் அம்மாவும் நானும் அதே வண்டியில், குற்றவாளியே ஓட்ட, மயிலாப்பூரில் ஒரு அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். அங்கே பொன்னுரங்கம் சூடம் ஏற்றி, கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் வேலை உண்டு.

ஆழ்வார்பேட்டை தாண்டும்போது முன் சீட்டிலிருந்த நான் ஒன்றைக் கவனித்தேன். பொன்னுரங்கம் ஆக்சிலேட்டரை மிதித்தார், இன்ஜின் உறுமியது, வேகம் காட்டும் முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் கல்லூரி மாணவர் பேரவைத் தலைவரும் இப்படித்தான். குரல் ஏறும், ஊர்வலம் நகராது. ஒரு சைக்கிள் ரிக்‌ஷா எங்களை முந்திக்கொண்டு போனது. ஏதோ கருகுகிறது என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள். அப்பா ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

கோயில் வாசலில் பொன்னுரங்கம் சூடத்தைத் தொடவில்லை.

"நான் எடுக்கல மொதலாளி. ஆனா சூடத்த அணைக்க மாட்டேன். நெசத்துக்குப் பண்ணாலும் சத்தியம் சத்தியந்தான். வூட்ல கொயந்தைங்க கீது."

அப்பாவுக்கு அது போதும். அணைக்காதவன் எடுத்தவன். சாவிக்காகக் கையை நீட்டினார். பொன்னுரங்கம் கொடுத்துவிட்டார். டிரைவர் வேலை வாய்ப்பேச்சில் கிடைப்பது, வாய்ப்பேச்சில் போவது. பெட்ரோல் திருடன் என்ற பெயரோடு தி.நகரில் யாரிடம் போய் நின்றாலும் இன்னொரு சாவி அவர் கைக்கு வராது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "பொன்னுரங்கத்துக்குப் புள்ள குட்டி இருக்கு. வண்டிக்கு இல்லல்லா? வண்டி சத்தியம் பண்ணட்டும்."

வண்டியைச் சத்தியம் பண்ணவைக்கும் முறை டாக்சி ஸ்டாண்டில் டீ குடிக்கிற எவனுக்கும் தெரியும். நான் அங்கே டீ குடித்துத்தான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை இறுக்கவேண்டும். டாப் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிடவேண்டும். கிளட்ச் நல்ல கிளட்சானால் நிற்கிற சக்கரம் இன்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். இன்ஜின் ஒரு குலுக்கலோடு அணைந்துபோகும். பிடி நழுவுகிற கிளட்சானால் சக்கரம் பாட்டுக்கு நிற்கும், இன்ஜின் பாட்டுக்குப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடும். அணைந்தால் பொன்னுரங்கம் திருடன். ஓடினால், பெட்ரோல் எங்கே போயிற்று என்று வண்டியே சொல்லிவிட்டதாக அர்த்தம்.

பொன்னுரங்கத்தின் காலை நம்பமுடியாது என்று அப்பாவே ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக் போட்டார், கியர் போட்டார், கிளட்சை விட்டாயிற்று என்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பூக்காரி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொன்னுரங்கம் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். "மொதலாளி, கால் இன்னும் பெடல் மேலயே கீது. எட்த்துருங்க. இது கணக்குல வராது."

எல்லோரும் பார்த்தோம். அப்பாவின் இடது கால் கிளட்ச் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கடையில் கல்லா மேஜைக்கு அடியில், கால் வைக்க ஒரு மரக்கட்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை அடையாறு கடற்கரைக்கு அவரே ஓட்டிப்போகும்போது அந்தக் கட்டையின் வேலையைக் கிளட்ச் பெடல் பார்த்தது. மிதிப்பதில்லை, சும்மாதான் வைத்திருக்கிறேன் என்பார். சும்மா வைத்த காலுக்கும் கனம் உண்டு. பிளேட் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், வாரா வாரம் உரசித் தேய்ந்திருக்கிறது.

தனக்குச் சாதகமாக வந்த சாட்சியைத் தானே கலைத்துவிட்டு, பொன்னுரங்கம் வண்டியை விட்டுத் தள்ளி நின்றார். என்னிடம் அப்போது நக்கல் எதுவும் கைவசம் இல்லை.

அப்பா காலை எடுத்தார்.

இன்ஜின் அணையவில்லை. வண்டி அசையாமல் நின்றபடி உறுமியது. கீழேயிருந்து அதே கருகல் வாசனை மேலேறி வந்தது. ஜன்னலை ஏற்றி மறைக்க வழியில்லை; அப்பாவைத் தவிர எல்லோரும் வெளியேதான் நின்றோம். அப்பா தன் கையாலேயே சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு இறங்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்குப் பதில் துணி கொடுப்போம். கடைக்கு வந்து ஒரு ஜோடி நல்ல வேட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா.

"வேட்டி வாணாம் மொதலாளி. அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க. அங்கியே ஒரு வாட்டி, இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா போதும்."

அப்பா சாவியை நீட்டிவிட்டுப் பின் சீட்டுக்குப் போனார். தி.நகர் வரை சைக்கிள்கள் எங்களை முந்தின.

கடையில் கூட்டம் இருந்தது. அப்பா கல்லாவுக்குப் போகாமல் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, பொன்னுரங்கம் ஒரு சொட்டும் எடுக்கவில்லை, கிளட்சைத் தேய்த்தது தான்தான் என்று சொன்னார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?" என்று சேலைப் பகுதியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

பொன்னுரங்கம் அப்பாவைப் பார்த்தபடி நின்றார்.

அப்பா இன்னொரு தடவை, தெரு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

பொன்னுரங்கம் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். அப்பா கல்லாவில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியிலிருந்த மரக்கட்டையை இழுத்து ஓரமாக வைத்தார். அன்று கடை சாத்தும்வரை அவருடைய இடது கால் போக்கிடம் இல்லாமல் அலைந்தது.