மீன் அந்தப் பக்கம், பாசி இந்தப் பக்கம்

கணபதி வட்டாரத்தில் தம்பிதுரைக்கும் அப்துல் வஹீதுக்கும் பொதுவாக ஒரு காம்பவுண்டுச் சுவரும் ஒரு மீன் பண்ணையும் இருந்தன. பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் வஹீதின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் ஜிலேபிக் கெண்டைகள். இந்தப் பக்கம் தம்பிதுரையின் முருங்கை மரத்தடியில், பழைய தண்ணீர் டேங்கை நெடுக்காக அறுத்துப் போட்ட இரண்டு பாதிகள், அதில் பாசி. ஆளை வழுக்கி விழவைக்கிற பாசி அல்ல. மிளகளவு பச்சை இலைகளாகத் தண்ணீர்மேல் மிதக்கும். முந்தாநாள் பாதித் தொட்டியில் இருந்தது இன்றைக்குத் தொட்டி முழுக்க மூடியிருக்கும். மீன் வளர்ப்பு வீடியோ போடுகிறவர்கள் இதை டக்வீட் என்கிறார்கள். லேத் பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தபின் தம்பிதுரையிடம் செழித்து வளர்ந்தது இந்தப் பாசி ஒன்றுதான், தொப்பையைச் சேர்க்காவிட்டால்.

ஏற்பாடு சுலபமானது. மீன் கழித்த தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாகச் சுவர் தாண்டி இந்தப் பக்கம் வரும். அதைத் தின்று பாசி கொழுக்கும். காலையில் தம்பிதுரை பாதியை அரித்தெடுத்து, மீதியை விதைக்கு விட்டுவிட்டு, சுவர்மேல் வாளியை வைப்பார். தொட்டியைத் தட்டிக்கொண்டே வஹீது அதைக் கவிழ்க்க, கெண்டைகள் கல்யாணப் பந்திக்கு முந்துவதுபோல முந்தும். அப்புறம் இருவரும் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு டீ குடிப்பார்கள். போல்ட்டு நட்டுக் கடை வைத்திருந்த வஹீது, மனைவி போனபிறகு சமையலில் கற்றுக்கொண்டது அந்த டீ மட்டும்தான்.

தம்பிதுரைக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. சர்க்கரை இருக்கிறது என்ற டாக்டரிடம், ரேஷனில் நிறுத்தியதெல்லாம் இங்கேதான் வந்திருக்கிறதா என்று கேட்டவர். மனைவி இறந்து சாப்பிடாமல் கிடந்த வஹீதை முதன்முதலில் சிரிக்கவைத்ததும் அவர்தான். வேடிக்கைப் பேச்சு மருந்துதான் என்று அன்றைக்கு அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. அளவு தெரியாமல் கொடுத்தால் மருந்து என்ன செய்யும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

வஹீதின் மகன் முஜீபுக்குப் பெருந்துறையில் வேலை. மூன்றாவது மாடியில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், அப்பாவைப் பார்த்துவிட்டு நேராகத் தம்பிதுரையின் தொட்டியோரம் வந்து குந்திக்கொண்டான். அத்தா குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லையாம். தன்னோடு வந்துவிடச் சொன்னால் மறுக்கிறாராம். பக்கத்தில் தம்பிதுரை இருக்கிறார், எனக்கென்ன குறை என்கிறாராம்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் இந்தப் பேச்சையே உட்டர்றனுங்க மாமா. அத்தாவைப் பாத்துக்குவீங்களா?”

பாத்துக்கறேன் கண்ணு என்று சொன்னால் போதும். ஆனால் தம்பிதுரைக்குக் கண் கலங்கிவிடும்போல இருந்தது. அது கலங்குவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“மீனுக்குத் தீனி போட்டே என்ற இடுப்பு போச்சு கண்ணு. உங்கத்தாவுக்கும் சேத்துப் போடோணும்னா, இன்னொரு டேங்கு அறுக்கோணுமாட்ட இருக்குதே.”

முஜீப் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “சரிங்க மாமா” என்றான். காபி சாப்பிடுகிறாயா என்று இடையில் கேட்டிருந்ததற்குத்தான் அந்தச் சரி என்று நினைத்துத் தம்பிதுரை உள்ளே குரல் கொடுத்தார். டம்ளரோடு அவர் மனைவி சென்னியம்மாள் வந்தபோது தொட்டியோரம் முஜீப் இல்லை.

வஹீது மகனோடு பெருந்துறைக்கே போகிறார், வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள் என்ற செய்தியைச் சென்னியம்மாள்தான் காய்கறிக்காரரிடம் கேட்டுவந்து சொன்னார். தம்பிதுரை அன்றே முஜீபுக்குப் போன் போட்டார். சொல்லுங்க மாமா என்றான். அங்கே வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் வாளியோடு சுவரருகே போனார். வஹீதிடமே நேராகச் சொல்லிவிடுவது என்று இரவெல்லாம் வாக்கியத்தைக் கட்டி வைத்திருந்தார். வஹீது தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, வலை போட்டு மீனை அள்ளிக்கொண்டிருந்தார். தெருவுக்கெல்லாம் கொடுக்கவாம்.

“பாய், அன்னைக்கு முஜீப் வந்தப்ப நான் என்ன சொன்னேன்னா…”

“சொன்னானுங்க.” வஹீது நிமிரவில்லை. “இன்னொரு டேங்கு அறுக்கோணும்னீங்களாமா. நானும் சிரிச்சனுங்க.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம். கட்டி வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “பெரிய மீனை எனக்கு எடுத்து வைய்யுங்க பாய்” என்று மட்டும் வந்தது. இதற்கும் வஹீது சிரித்தார்.

மீன் இல்லை என்று பாசிக்கு யார் சொல்வது? அதுபாட்டுக்கு வளர்ந்தது. தம்பிதுரை விதைக்குப் பாதி விடுகிற வழக்கத்தை மறந்து, வெறி பிடித்தவர்போல அரித்தெடுத்து மொட்டை மாடியில் பழைய வேட்டிகளை விரித்து உலர்த்தினார். ஒரு வாளிப் பச்சைப் பாசி காய்ந்தால் இரண்டு கைப்பிடிதான் மிஞ்சும். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், விரலில் நசுக்கினால் பொடியாகும்வரை விட்டு, சென்னியம்மாளின் முறுக்கு டின்கள் இரண்டிலும் அமுக்கி அமுக்கி நிரப்பினார். இனி தீபாவளிக்கு எதில் முறுக்குப் போட்டு வைக்க என்று சென்னியம்மாள் கேட்டார். பதிலுக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை என்பதைக் கவனித்து, அத்தோடு விட்டுவிட்டார்.

சாமான் ஏற்றுகிற நாளில் வஹீது ஒரு பெயிண்ட் வாளியில், தொட்டியில் மிஞ்சிய நாலு குஞ்சுக் கெண்டைகளைப் பிடித்து வைத்திருந்தார். பால்கனியில் ஒரு டப்பில் விடப்போகிறாராம். தம்பிதுரை இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைத்தார்.

“நாலு குஞ்சுக்கு இத்தனை எதுக்குங்க?”

“அங்க பாசி புடிக்காதுங்க பாய். எல்லாத்தையும் எடுத்துக்குங்க.”

வஹீது ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவேண்டிய தம்பிதுரை, அதைப் பிடித்தபடி நின்றார்.

“போகாதீங்க பாய்.”

ஸ்டீரிங்கில் இருந்த முஜீப் சிரித்துவிட்டான். “மீனைச் சொல்றீங்களா, அத்தாவைச் சொல்றீங்களா மாமா?” சாமான் ஏற்றியவர்களும் சிரித்தார்கள். தம்பிதுரை பேசினால் சிரிப்பது அந்தத் தெருவில் ஒரு மரியாதை.

வஹீது மட்டும் சிரிக்கவில்லை. தம்பிதுரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைப் பிடித்திருந்த கைமேல் தன் கையை வைத்து அதைக் கதவிலிருந்து மெதுவாக விலக்கிவிட்டு, “வாரனுங்க” என்றார்.

வேன் திரும்பி மறைந்தபிறகும் தம்பிதுரை தெருவிலேயே நின்றார். சென்னியம்மாள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

“ரெண்டு டின்னையுமா குடுத்துப்போட்டீங்க?”

“தீந்துறக் கூடாதல்ல.”

“தீந்தாத்தானுங்க ஒருக்காவாச்சும் இங்க வருவாரு.”

நாலு குஞ்சு, நாளைக்கு ஒரு சிட்டிகை. தம்பிதுரை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த ஆடி தாண்டியும் தீராது. கெட்டுப்போகவும் வழியில்லை, அவ்வளவு நன்றாகக் காயவைத்திருந்தார்.