பச்சைக் கோடு போட்ட பறவை

கெட்டிலில் இருந்த கொதிநீரை அலுமினியத் தட்டில் ஊற்றியதும் பனிக்கட்டி 'டக்' என்று இரண்டாகப் பிளந்தது. லிஃப்ட்காரர் குனிந்து ஒரு பாதியை விரல் நுனியால் பெயர்த்து வேலியோரம் எறிந்தார். இறுதி ஊர்தி வருகிற நேரம். கறுப்புக் கோட்டு மாட்டி, ஷூ துடைத்து, தலையைப் படிய வாரிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! அம்மாவைத் தனியா விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?" பின்கதவில் நின்று மகள் கேட்டாள். அழுதழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"தண்ணி உறைஞ்சு கிடக்கு."

"கிடக்கட்டும்ப்பா. ஒரு நாள் அதுங்க தண்ணி குடிக்கலேன்னா குடியா முழுகிடும்?"

போன குளிர்காலத்தில் இதையேதான் அவர் தன் மனைவியிடம் கேட்டிருந்தார். "முழுகும்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு கெட்டிலோடு அவள் படியிறங்கிப் போனாள். இப்போது அவள் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தாள். அவர் இன்னொரு பாதிப் பனிக்கட்டியையும் பெயர்த்தார்.

அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடியவை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் லிஃப்ட்காரர்தான். லிஃப்ட் ஏறும், இறங்கும், நடுவில் நின்றால் ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். இதற்கு மேல் உலகத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஆள். அவளோ வாய் ஓயாதவள். வீட்டில் காது கொடுக்க ஆள் இல்லாததால் போனில் தேடிக்கொண்டாள். 'ஜன்னலோரம்' என்று ஒரு குழு. அவரவர் தோட்டத்துக்கு வந்த பறவையை அவரவர் ஜன்னல் வழியாகப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வதுதான் அவர்களுக்கு வேலை. பனி விழ ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பல் துலக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். எழுதுவதுகூட இல்லை, குரலிலேயே அனுப்புவார்கள். எங்க வீட்டுக்கு மரங்கொத்தி ஜோடியா வந்திருக்கு. இங்க புறாக் கூட்டம், விரட்டி மாளலை. வெளிய போறவங்க காதைக் கட்டிக்குங்க, காத்து கத்தி மாதிரி வெட்டுது.

அதில் ஒரு தபால்காரர் இருந்தார், அவரும் ஓய்வு பெற்றவர். கரகரத்த குரல். அந்தக் குரல் தினமும் காலையில், வாசல் மிதியடியில் கால்கூடத் துடைக்காமல், நேராக லிஃப்ட்காரரின் சமையலறைக்குள் வந்து நின்று, "அம்மா, நொண்டி வந்தாச்சா?" என்று கேட்கும்.

நொண்டி என்பது ஒரு சிட்டுக்குருவி. இடது கால் சுருண்டு வயிற்றோடு ஒட்டிப்போயிருக்கும். "வந்துட்டாரு, வந்துட்டாரு. துரைக்கு இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு" என்று அவள் போனுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் லிஃப்ட்காரருக்கு வயிறு எரியும். கல்யாணமான புதிதில் அவருக்கென்று இருந்த சிரிப்பு அது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. எங்கே போயிற்று என்று மட்டும் தெரிந்துவிட்டது. பொறாமைதான், வேறென்ன? ஒரு குருவியை நடுவில் வைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒரு தபால்காரர்மேல், இந்த வயதில். வெளியே சொன்னால் தெரு கைகொட்டிச் சிரிக்கும். அதனால் சொல்லாமல், கதவுகளைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினார்.

அவள் படுக்கையில் விழுந்ததும் கட்டிலைப் பின்பக்க ஜன்னலருகே இழுத்துப் போட்டார்கள். சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாரத்தில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

"நீங்க பார்த்துச் சொல்லுங்களேன். என்ன வந்திருக்கு?"

அவள் அவரிடம் பறவை கேட்டது அதுதான் முதல் தடவை. எட்டிப் பார்த்தார். பழுப்பாக நாலைந்து குதித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று காலைதான் தபால்காரரின் தோட்டத்தில் பட்டுவால் என்ற பறவை வந்து இறங்கியிருந்தது. கடுங்குளிரில் மட்டும் எங்கிருந்தோ வருகிற விருந்தாளியாம். குழுவே கொண்டாடியது. "குடுத்து வெச்ச மனுஷன்" என்று இவளும் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு அவரைச் சுட்டது.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்றார். "தலை நீலம். உடம்பு பழுப்பு. கழுத்தைச் சுத்தி மஞ்சளும் பச்சையுமா ஒரு கோடு."

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "பச்சைக் கோடா?"

"ஆமா. பளிச்சுனு."

அவள் போனை வாயருகே கொண்டுவரச் சொல்லி, இழுத்து இழுத்துக் குழுவுக்குச் சொன்னாள். போனை அவள் தலையணையில் விட்டுவிட்டு அவர் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தபோது குழு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. கடைசியாகத் தபால்காரரின் குரல் வந்தது: "அம்மா, உள்ளதைச் சொல்றேன், எனக்குப் பொறாமையா இருக்கு."

லிஃப்ட்காரர் மறுபடியும் வெந்நீர் வைப்பதுபோல் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்று சிரித்தார். எத்தனையோ காலைகளாக அவர் விழுங்கிய அந்தக் கசப்பை இப்போது அந்த ஆள் விழுங்கட்டும்.

மறுநாளும் அந்தப் பறவை வந்தது. வராமல் எங்கே போகும்? வால் நீண்டது. அடுத்த நாள் ஜோடியோடு வந்தது. 'வாலை ஆட்டிச்சா?', 'தரையில தின்னுச்சா, கிளையிலயா?' என்று குழு கேட்கக் கேட்க, அவர் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அவர் சொல்வார், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். நடுநடுவே ஒன்று மட்டும் கேட்பாள்.

"நொண்டி வந்துச்சா?"

"நீலத்தலை நிக்கிறப்ப குருவியை யாரு பார்த்தா?"

கடைசிக் காலையிலும் அதையேதான் கேட்டாள். அவரும் பச்சைக் கோட்டைப் பற்றித்தான் சொன்னார். "அப்படியா" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஜன்னலோரம் ஆளுங்க வந்திருக்காங்க" என்று மகள் மறுபடியும் பின்கதவில் வந்து நின்றாள். அவர் கெட்டிலோடு உள்ளே போனார்.

கூடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கியபடி. ஒருவர் விடாமல் கோட்டுக்குள் நெஞ்சுப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. பைனாகுலர்! சாவு வீட்டுக்குப் பைனாகுலரோடு வந்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கழுத்தில் மாட்டுவது பழக்கமாகிவிட்டது போலும். கழற்றி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்மணி பெட்டிக்கு முன் குனிந்து கும்பிட்டபோது அது வெளியே நழுவிப் பெட்டியின் விளிம்பில் 'டொக்' என்று இடித்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. மகளுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட, வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

கடைசியில் நின்றவர் ஒல்லியாக, கூன் விழுந்து, காதில் மயிரோடு இருந்தார். இவரா என்று இருந்தது லிஃப்ட்காரருக்கு. இவருக்காகவா இத்தனை கதவு சாத்தினோம்?

"சார், தோட்டத்தை ஒரு தடவை பார்க்கலாமா?" அதே கரகரப்பு.

லிஃப்ட்காரர் பின்கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். அந்தக் குழுவில் எதைச் செய்தாலும் பொறுப்பார்கள், பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். திட்டக்கூட இல்லையாம், அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் யாரும் வாய் திறக்கவில்லையாம். நீலத்தலையைச் சொன்னது அவள் குரல். இந்த ஆள் வந்து ஒரு பார்வை பார்த்தால், பெட்டியில் கிடப்பவள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

இருவரும் பின்பக்கம் இறங்கினார்கள். பனி ஷூவுக்கடியில் நறநறத்தது. தட்டில் ஊற்றிய வெந்நீர் இன்னும் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தபால்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இன்னிக்கும் வெச்சுட்டீங்க."

"இங்க பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். "அந்தப் பச்சைக் கோடு விஷயம். அவ மேல எந்தத் தப்பும் இல்ல. அவ பார்க்கவே இல்ல. நான்தான்..."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீங்க வெந்நீர் வைக்கப் போயிருந்தீங்களாம்." தபால்காரர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "'நீலம், பழுப்பு, மஞ்சள் பச்சைன்னு எங்க வீட்டுக்காரர் லிஃப்ட்டு வயரையெல்லாம் ஒண்ணாக் கட்டி ஒரு பறவை பண்ணியிருக்கார். யாரும் சிரிச்சுக் கெடுத்துடாதீங்க. மனுஷன் இன்னிக்குத்தான் என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கார். கேள்வி கேளுங்க, நாளைக்கும் உக்காரட்டும்'னு."

லிஃப்ட்காரர் அந்த நிறங்களை விரல் விட்டு எண்ணினார். ஆயுசு முழுக்கக் கையாண்ட நிறங்கள். மஞ்சளும் பச்சையும் எர்த் வயர். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டு வயர்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டுத்தானே அவள் தினமும் துணி துவைத்தாள்? அவளுக்கா தெரியாது? தெரிந்திருக்கிறது. குழுவுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. அவருக்கும் அவளுக்கும் மட்டுமே உரியதென்று அவர் நினைத்திருந்த அந்தக் கடைசி வாரத்துக்குள்ளும் இத்தனை பேர் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப, பொறாமையா இருக்குன்னீங்களே, அதுவும் பொய்யா?"

அவருக்கே தன் குரல் சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது. தபால்காரர் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது, குளிராலும் இருக்கலாம்.

"அது பொய்யில்ல சார். எனக்காக உக்காந்து ஒரு பறவை பண்றதுக்கு எங்க வீட்டுல யாரு இருக்கா?"

வாசலில் ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மகள் கூப்பிட்டாள். உள்ளே திரும்பும்போது தபால்காரர் அவர் முழங்கையைத் தொட்டார்.

"நொண்டி வந்தா மட்டும் சொல்லுங்க சார். அம்மா போன்லயே சொன்னாப் போதும். நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்போம்."

"பார்ப்போம்" என்றார் லிஃப்ட்காரர். அவர் 'காத்துக்கிட்டிருப்போம்' என்று பன்மையில் சொன்னது இவருக்குப் பிடிக்கவில்லை. தூக்கும்போது பெட்டியின் தலைப்பக்கம் தபால்காரர் வந்து நிற்க, "அந்தப் பக்கம் போங்க, இது நான்" என்று அவரைக் கால்பக்கத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை மகள் சமையலறையில் நேற்றைய கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தட்டின் பனியை உடைத்துத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் போன் அவர் மடியில் கிடந்தது. அன்று குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மரங்கொத்தி இல்லை, புறா இல்லை, காற்று எப்படி வெட்டுகிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை.

வேலிமேல் பழுப்பாகச் சில வந்து உட்கார்ந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்பெல்லாம் ஒன்றுபோல் தெரிந்தவை, இன்று கொஞ்சம் வேறுவேறாகத் தெரிந்தன. ஒன்றுக்குத் தொண்டையில் கறுப்பு. ஒன்றுக்கு இறக்கையில் வெளுப்பு. கடைசியாக ஒன்று இறங்கியது. மற்றவை போல் குதிக்காமல், தத்தி, சாய்ந்து, இறக்கையை ஒருமுறை அடித்து நிலைப்படுத்திக்கொண்டு தட்டின் விளிம்பில் நின்றது. ஒற்றைக் காலில்.

அவர் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினார். வாய் பாதி திறந்திருந்தது. சுருட்டிய மெத்தையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மடியில் போன் அதிர்ந்தது. கரகரத்த குரல், மிக மெதுவாக: "சார், நொண்டி வந்துச்சா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.

"என்னப்பா, ஏதாவது வந்துச்சா?" சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"ஒண்ணும் வரலம்மா" என்றார் அவர், உதடு அசையாமல், அது பறந்துவிடாதபடி.

குருவி குனிந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்து, தலையை அண்ணாந்து விழுங்கியது. பிறகு இன்னொரு வாய்க்குக் குனிந்தது.